சூரைச்செடியின் கீழே ஏலியா

வாசிக்க வேண்டிய பகுதி: 1 இராஜாக்கள் 19ஆம் அதிகாரம் (கத்தோலிக்க வேதாகமத்தில் 1 அரசர்கள்). நேரம் இருந்தால் நெகேமியா 5, லூக்கா 13:1-5 ஆகியவற்றையும் வாசித்துக்கொள்ளுங்கள்.



ஹாலிஎல பக்கத்துத் தோட்டங்களில் காலையில் பெரட்டுக்குப் போகிற ஒருவரிடம் "எப்படி இருக்கீங்க?" என்று கேட்டால், பெரும்பாலும் வருகிற பதில் ஒரே சொல்தான்: "இருக்கோம்." சந்தோஷமாக இருக்கிறோம் என்றும் இல்லை, துக்கமாக இருக்கிறோம் என்றும் இல்லை. அந்தச் சொல்லுக்குள் கடன் இருக்கும், கொழும்புக்கு வேலைக்குப் போய் ஒரு மாதமாகக் கடிதமோ போனோ இல்லாத மகன் இருப்பான், போன வருஷம் செத்துப்போன தாய் இருப்பாள், ராத்திரி பட்ட அடியும் இருக்கும். கேட்டவருக்கும் அது தெரியும். மலைக்கு நேரமாகிவிட்டது, இரண்டு பேரும் கூடையைத் தூக்கிக்கொண்டு நடப்பார்கள்.

மனதில் உள்ளதைச் சொல்ல நம்மிடம் சொற்கள் இல்லாமல் இல்லை. "நெஞ்சு அடைக்குது", "மனசு பாரமா கிடக்கு", "ஒண்ணும் ஓடல" என்று சொல்கிறோம். ஆனால் இவற்றை டிஸ்பென்சரியில் போய்ச் சொல்லும்போது "தலையிடி", "மேலு வலி" என்று மாற்றிச் சொல்கிறோம். தலையிடிக்கு இரண்டு மாத்திரை கிடைக்கும். மனப்பாரம் அப்படியே வீட்டுக்குத் திரும்பி வரும்.

கிறிஸ்தவ வீடுகளில் இதோடு இன்னொரு சுமையும் சேர்ந்துகொள்கிறது. அழுதால் "விசுவாசம் இல்லையா?" என்கிறார்கள். கோபப்பட்டால் "ஜெபம் பண்ணுற வாயா இது?" என்கிறார்கள். பயந்தால் "ஆண்டவர் மேல் பாரத்தைப் போடு" என்று சொல்லிவிட்டுப் போய்விடுகிறார்கள். சொல்கிறவர்கள் கெட்ட எண்ணத்தில் சொல்வதில்லை. ஆனால் ஏற்கெனவே துக்கத்தில் இருப்பவர், துக்கப்பட்டதற்காக வெட்கமும் படவேண்டியதாகிறது. வேதம் உண்மையில் அப்படித்தான் சொல்கிறதா என்பதை இந்தப் பாடத்தில் பார்ப்போம்.

தேவ மனிதன் சாவைக் கேட்டான்

ஏலியா சாதாரண ஆள் அல்ல. முந்தின அதிகாரத்தில் கர்மேல் மலையிலே ராஜாவுக்கு முன்பாக நின்று, பாகாலின் தீர்க்கதரிசிகள் 450 பேருக்கு எதிராகத் தனி ஒருவனாய்ப் பேசியவன். வானத்திலிருந்து அக்கினி இறங்கியதைக் கண்டவன். அவன் ஜெபித்த பிறகுதான் நீண்ட வறட்சி நீங்கி மழை வந்தது. இப்படிப்பட்ட வெற்றிக்குப் பிறகு யேசபேல் ராணியிடமிருந்து ஒரு செய்தி வருகிறது: நாளைக்குள் உன் உயிர் போகும். உடனே ஓட்டம் எடுக்கிறான்.

நன்றாகக் கவனியுங்கள். பெயர்செபா வரைக்கும் தன்னோடு வந்த வேலைக்காரப் பையனை அங்கேயே விட்டுவிட்டுத்தான் ஏலியா வனாந்தரத்துக்குள் தனியே போகிறான். இந்தச் சின்ன வரியைப் பலர் தாண்டிப் போய்விடுவார்கள். நம் தோட்டங்களில் மனம் ஒடிந்த ஆட்கள் செய்வதும் இதுதான். முதலில் கூட இருப்பவர்களை விட்டு விலகுவார்கள். கோயிலுக்கு வருவது நிற்கும், சங்கக் கூட்டத்துக்கு வருவது நிற்கும். கல்யாண வீட்டுக்கு வந்தாலும் ஓரமாக நின்றுவிட்டுப் போவார்கள். "அவருக்குத் திமிரு" என்று நாம் பேசிக்கொள்வோம்.

ஒரு நாள் தூரம் நடந்தபின் ஒரு சூரைச்செடியின் கீழே உட்கார்ந்து, போதும், என் உயிரை எடுத்துக்கொள்ளும் என்று கர்த்தரிடம் கேட்கிறான். என் பிதாக்களைவிட நான் ஒன்றும் மேலானவன் அல்லவே என்றும் சொல்கிறான். களைப்பு, பயம், தோல்வி எண்ணம், தனிமை எல்லாம் ஒன்றாகச் சேர்ந்த பேச்சு இது. பிறகு படுத்துத் தூங்கிவிடுகிறான்.

சாகவேண்டும் என்று கேட்டவன் ஏலியா மட்டும் அல்ல. மோசேயும் ஒரு தடவை கேட்டான், யோனாவும் கேட்டான். யோபும் எரேமியாவும் தாங்கள் பிறந்த நாளையே சபித்தார்கள். இதையெல்லாம் எழுதியவர்கள் மறைத்திருக்கலாம், தேவ மனிதர்களுக்கு அழகு இல்லை என்று விட்டிருக்கலாம். ஆனால் மறைக்கவில்லை.

முதலில் ரொட்டி

அடுத்து நடப்பதுதான் இந்தப் பாடத்தின் நெஞ்சு. தேவதூதன் வருகிறான். "இத்தனை அற்புதம் கண்டும் உனக்கு விசுவாசம் இல்லையா?" என்று அவன் கேட்கவில்லை. பிரசங்கம் பண்ணவும் இல்லை. தட்டி எழுப்பி, எழுந்து சாப்பிடு என்கிறான். தலைமாட்டில் தழலில் சுட்ட ஒரு அடையும் ஒரு பாத்திரத்தில் தண்ணீரும் இருக்கின்றன.

தழலில் சுட்ட அடை என்றால் என்ன என்று நம் பெண்களுக்கு விளக்க வேண்டியதில்லை. விடியற்காலை நாலு மணிக்கு அடுப்பில் ரொட்டி சுடுகிற கைகள் அவை.

ஏலியா சாப்பிட்டான், குடித்தான், திரும்பவும் படுத்துக்கொண்டான். ஒரு ரொட்டியோடு மனசு சரியாகிவிடவில்லை. தூதனும் "சாப்பிட்டாச்சே, எழும்பு" என்று விரட்டவில்லை. தூங்கவிட்டு, இரண்டாம் தரம் வந்து மறுபடியும் எழுப்பிச் சாப்பிடச் சொல்கிறான். அப்போது சொல்லும் காரணமும் அருமையானது: நீ போகவேண்டிய தூரம் வெகுதூரம். உன் பாவம் பெரிது என்று சொல்லவில்லை, பயணம் பெரிது என்றே சொல்கிறான்.

விழுந்து கிடந்த ஒரு மனிதனுக்குப் பரலோகம் செய்த முதல் வைத்தியம் இரண்டு நேரச் சாப்பாடும் இரண்டு தூக்கமும்தான். நாள் முழுக்க மலையில் நின்று, அந்தி சாய வந்து சமைத்து, பிள்ளைகளைப் படுக்கவைத்துவிட்டுக் கடைசியில் மிஞ்சியதைச் சாப்பிட்டுப் படுக்கிற ஒரு தாய், "எனக்கு ஜெபத்துல மனசே நிக்கல, நான் பாவி" என்று அழுதால், அவள் மேல் கைவைத்து ஜெபிப்பதற்கு முன்னால் யாராவது அவளுடைய விறகைச் சுமந்து கொடுக்கலாம். ஒரு ராத்திரி அவள் கைப்பிள்ளையை வாங்கி வைத்துக்கொள்ளலாம். அதுவும் ஊழியம்தான் என்பது நமது எண்ணம்.

கன்மலைகளை உடைத்த காற்றில் கர்த்தர் இல்லை

நாற்பது நாள் நடந்து ஏலியா ஓரேப் மலைக்கு வந்து ஒரு குகையில் தங்குகிறான். அங்கே கர்த்தர், உனக்கு இங்கே என்ன வேலை என்று கேட்கிறார். ஏலியா தன் மனக்குறையைக் கொட்டுகிறான். நான் ஒருவன் மட்டும் மிச்சம், என் உயிரையும் தேடுகிறார்கள் என்கிறான். அதன்பின் மலைகளைப் பிளந்து கன்மலைகளை உடைக்கும் பெருங்காற்று வருகிறது. பூமி அதிர்கிறது. அக்கினி வருகிறது. இந்த மூன்றிலும் கர்த்தர் இருக்கவில்லை என்று வேதம் ஒவ்வொன்றாக எடுத்துச் சொல்கிறது.

இந்த வசனங்களை நம் மாவட்டத்தில் வாசிக்கும்போது வேறு ஊர்களில் வாசிப்பதுபோல் வாசிக்க முடியாது. 2014 ஒக்டோபர் 29ஆம் தேதி, தீபாவளி முடிந்து சரியாக ஒரு வாரம். காலை ஏழரை மணியளவில் கொஸ்லந்தை மீரியபெத்தை தோட்டத்தில் மலை சரிந்து லயங்களை மூடியது. பள்ளிக்கூடம் போயிருந்த பிள்ளைகள் தப்பினார்கள். அவர்களில் சிலர் திரும்பி வந்தபோது லயமும் இல்லை, அப்பா அம்மாவும் இல்லை. மண்ணுக்குள் போன பலருடைய உடல்கள் கடைசிவரை கிடைக்கவில்லை. மிஞ்சியவர்களுக்கு மாகல்தெனியவில் கட்டிய 75 வீடுகள் 2016இல்தான் கைக்கு வந்தன. அதுவரை முகாம் வாழ்க்கை. பிறகு 2025 நவம்பர் கடைசியில் டிட்வா புயல் வந்தபோது பதுளை மாவட்டத்தில் திரும்பவும் பல இடங்களில் மண் சரிந்து உயிர்கள் போயின.

இப்படி நடந்த பின் ஊரில் ஒரு பேச்சு கிளம்பும்: "என்ன பாவம் செஞ்சாங்களோ." இந்தக் கேள்வியை இயேசுவிடமே கொண்டுவந்தவர்கள் உண்டு. லூக்கா 13இல் அவரே சீலோவாமில் கோபுரம் விழுந்து செத்துப்போன பதினெட்டு பேரைப் பற்றிப் பேசுகிறார். எருசலேமில் குடியிருந்த மற்ற எல்லாரையும்விட அவர்கள் குற்றவாளிகளா என்று கேட்டு, இல்லை என்று தாமே பதிலும் சொல்கிறார். செத்தவர்களை விட்டுவிட்டு, உயிரோடு இருக்கிறவர்கள் தங்களைப் பார்த்துக்கொள்ளட்டும் என்பதுதான் அங்கே அவருடைய போதனை. மீரியபெத்தையைப் பொறுத்தவரை, அந்த இடம் ஆபத்தானது என்று 2005இலும் 2011இலும் அதிகாரிகள் எச்சரித்திருந்தார்கள். மக்களை வேறு இடத்தில் குடியேற்றும் வேலை நடக்கவில்லை. இதைப் பாவத்தின் சம்பளம் என்று சொன்னால், செய்ய வேண்டியதைச் செய்யாதவர்களுக்கு அது மிகவும் வசதியாகப் போய்விடும்.

உடல் கிடைக்காத துக்கம் தனி வகை. பெட்டி இல்லை, குழி இல்லை, ஒரு பிடி மண் போடவும் இடம் இல்லை. நவம்பர் 2ஆம் தேதி கல்லறைத் திருநாளில் மெழுகுதிரி கொளுத்த ஓர் இடம் இல்லை. எங்கேயாவது உயிரோடு இருப்பாரோ என்ற எண்ணம் வருஷக் கணக்கில் போகாது. வாசலில் காலடிச் சத்தம் கேட்டால் தலை நிமிரும். இப்படிப்பட்டவர்களைப் பார்த்து "எத்தனை நாளைக்குத்தான் அழுவ?" என்று கேட்கக் கூடாது. இன்னும் அழத் தொடங்காதவர்களும் அவர்களுக்குள் இருக்கிறார்கள்.

அழுவதற்கு வேதத்திலேயே ஒரு புத்தகம் உண்டு. எருசலேம் அழிந்தபோது பாடிய புலம்பல். அதன் ஐந்து அதிகாரங்களில் முதல் நான்கும் எபிரெய அகரவரிசைப்படி கட்டப்பட்டவை. அந்த மொழியில் எழுத்துகள் 22. ஆகவே முதலாம், இரண்டாம், நான்காம் அதிகாரங்களில் எழுத்துக்கு ஒன்றாக 22 வசனங்கள். மூன்றாம் அதிகாரத்தில் எழுத்துக்கு மூன்றாக 66. ஐந்தாம் அதிகாரத்திலும் வசனங்கள் 22தான், ஆனால் எழுத்து வரிசை இல்லை. துக்கத்தை 'அ'விலிருந்து தொடங்கிக் கடைசி எழுத்து வரைக்கும் ஒன்று விடாமல் சொல்லி அழுதிருக்கிறார்கள். நம் அம்மாயிமார் ஒப்பாரியில் செய்ததும் இதற்குக் கிட்டத்தட்ட வந்த காரியம்தான். செத்தவருடைய குணம், நடை, அவர் வாங்கிக்கொடுத்த சேலை, கடைசியாகக் குடித்த தேத்தண்ணி என்று ஒவ்வொன்றாக எடுத்து வைத்து, கட்டிப்பிடித்து, கூட்டத்தோடு அழுதார்கள். கிறிஸ்தவ வீட்டில் ஒப்பாரி வைக்கக் கூடாது என்று சில இடங்களில் நிறுத்திவிட்டார்கள். நிறுத்தியவர்கள் அதற்குப் பதிலாக என்ன கொடுத்தார்கள் என்று கேட்க வேண்டியிருக்கிறது. லாசருவின் கல்லறைக்குப் போகும் வழியில் இயேசுவே அழுதாரே. சற்று நேரத்தில் அவனை எழுப்பப் போகிறார் என்று தெரிந்தும் அழுதார்.

சங்கீதங்கள் 150இல் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு இப்படிப்பட்ட முறையீடுகளே. அவற்றில் பெரும்பாலானவை கடைசியில் நம்பிக்கையோடு முடியும். 88ஆம் சங்கீதம் மட்டும் விடியாமலே, இருளைப் பற்றிய சொல்லோடு நின்றுவிடுகிறது. அதையும் ஜெபப் புத்தகத்துக்குள் வைத்திருக்கிறார்களே, அது பெரிய ஆறுதல். ஜெபம் முடிகிறபோது மனம் லேசாகவில்லை என்பதால் அது ஜெபம் இல்லை என்று ஆகிவிடாது.

கோபம் எங்கே போகிறது?

துக்கத்தைவிடக் கோபத்தைப் பற்றிப் பேசுவது கஷ்டம். ஏனென்றால் நம்மிடையே கோபம் பெரும்பாலும் வந்த இடத்தில் இருப்பதில்லை, வேறு இடத்துக்குப் போய்விடுகிறது. கொழுந்து நிறுக்கும்போது கிலோ குறைக்கிறார்கள். அரைப்பேர் போடுகிறார்கள். அங்கே வாய் திறக்க முடியாது. அந்தக் கோபம் கசிப்புக் கடை வழியாக வீட்டுக்கு வருகிறது. மனைவி மேல் விழுகிறது. அவளுடைய கோபம் பிள்ளை மேல் விழுகிறது. பிள்ளை நாய்க்குட்டியை உதைக்கிறான். தராசு மாத்திரம் அப்படியே இருக்கிறது.

எபேசியருக்கு எழுதின நிருபத்தில் பவுல், கோபம் வரும், ஆனால் பாவம் செய்யாதிருங்கள், பொழுது சாயும்வரை அதை வைத்திருக்க வேண்டாம் என்ற கருத்தில் எழுதுகிறார். கோபமே வராது என்று அவர் சொல்லவில்லை. சூம்பின கையுடைய மனிதனைச் சுகமாக்கக் கூடாது என்று காத்திருந்தவர்களை இயேசு கோபத்தோடு பார்த்தார் என்று மாற்கு 3 சொல்கிறது. அதே வசனத்தில் அவர் மனம் வருந்தினார் என்றும் இருக்கிறது. கோபத்துக்கு அடியில் பெரும்பாலும் ஒரு வருத்தம் கிடக்கும்.

கோபத்தை என்ன செய்வது என்பதற்கு நெகேமியா 5 நமக்காகவே எழுதியதுபோல் இருக்கிறது. எருசலேமின் மதிலைக் கட்டிக்கொண்டிருந்த ஏழை ஜனங்கள், பெண்சாதிகளும் சேர்ந்து, கூக்குரலிட்டு வருகிறார்கள். சாப்பாட்டுக்காக வயலையும் வீட்டையும் அடகு வைத்துவிட்டோம், வரி கட்டக் கடன் வாங்கினோம், பிள்ளைகளை அடிமையாகக் கொடுக்கும்படி ஆகிவிட்டது என்கிறார்கள். கடன் கொடுத்தவர்களோ சொந்தச் சகோதரரே. இதைக் கேட்ட நெகேமியாவுக்கு மிகுந்த கோபம் வந்தது. ஆனால் அவன் உடனே பாயவில்லை. முதலில் தனக்குள்ளே ஆலோசனை பண்ணினான். பிறகு குற்றம் செய்த பெரியவர்களிடமே நேரே போய்க் கண்டித்தான். அதற்காக ஒரு பெரிய சபையைக் கூட்டினான். வயல்களையும் வீடுகளையும் வாங்கின வட்டியையும் திருப்பிக் கொடுங்கள் என்றான். அவர்களும் ஒத்துக்கொண்டார்கள். சொன்னதைச் செய்வோம் என்று ஆசாரியர்கள் முன்னால் சத்தியமும் வாங்கிக்கொண்டான்.

கோபம் வந்தது, யோசித்தான், எல்லாருக்கும் முன்னால் பேசினான். யாரால் கோபம் வந்ததோ அவர்களிடம்தான் பேசினான். தோட்டத் தலைவர், மாதர் சங்கம், தொழிற்சங்கக் காரியாலயம் எல்லாம் இதற்காகத்தான் இருக்கின்றன. எத்தனை கிலோ கொடுத்தோம், எத்தனை கிலோ எழுதினார்கள் என்று ஒரு பழைய கொப்பியில் பத்து நாள் குறித்து வைத்துக்கொண்டு போகிற கோபத்துக்கு பலம் அதிகம்.

இங்கே ஒரு விஷயத்தையும் மறைக்காமல் சொல்லவேண்டும். "மன்னிக்கணும்" என்று சொல்லி, அடி வாங்குகிற பெண்ணை அதே காம்பராவுக்குள் திருப்பி அனுப்புவது சமாதானம் பண்ணுவது ஆகாது. மன்னிப்பு வேறு, அடிபடாமல் இருப்பது வேறு. ஆபத்து இருக்குமானால் பெண்கள் 1938 என்ற இலக்கத்துக்கும், பிள்ளைகளுக்காக யாரும் 1929 என்ற இலக்கத்துக்கும் போன் பண்ணலாம். போன் பண்ணிய பெண்ணைப் பார்த்து "குடும்ப மானத்தை வாங்கிட்டா" என்று கோயில் வாசலில் நின்று பேசாமலாவது இருப்போம்.

பயம்

புயலுக்குப் பிறகு ராத்திரியில் மழை விழுந்தாலே எழும்பி உட்காருகிறவர்கள் நம்மிடையே பலர் இருக்கிறார்கள். பிள்ளைகள் பாயை நனைக்கிறார்கள். இது விசுவாசக் குறைவு அல்ல, பார்த்ததை உடம்பு மறக்கவில்லை. பயத்திலும் ஒரு பயன் உண்டு. லயத்துக்குப் பின்னால் நிலத்தில் புதிதாக வெடிப்பு, மரம் சாய்ந்து நிற்பது, சுவரில் விரிசல், கதவு திடீரென்று இறுகிப்போவது, தெளிவாக ஓடிய ஊற்றில் சேறு வருவது அல்லது இல்லாத இடத்தில் ஊற்று கிளம்புவது, இவற்றைக் கண்டால் ஜெபம் பண்ணிக்கொண்டு உள்ளே இருக்க வேண்டாம், ஜெபம் பண்ணிக்கொண்டே வெளியே வாருங்கள். கிராம சேவகருக்கும் தோட்ட நிர்வாகத்துக்கும் சொல்லுங்கள். அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் இலக்கம் 117.

கேட்கிற காது

ஏலியாவின் கதையில் இன்னொன்று பாக்கி இருக்கிறது. காற்றும் அதிர்ச்சியும் அக்கினியும் போனபின் மெல்லிய சத்தம் ஒன்று கேட்கிறது. கர்த்தர் திரும்பவும் அதே கேள்வியைக் கேட்கிறார். ஏலியாவும் ஒரு சொல் மாறாமல் அதே குறையைத் திரும்பச் சொல்கிறான். "இதைத்தான் முதலிலேயே சொன்னாயே" என்று அவர் நிறுத்தவில்லை. முழுவதையும் கேட்டுவிட்டு, அவனுக்கு ஒரு வேலை கொடுக்கிறார். இன்னும் ஏழாயிரம் பேர் இருக்கிறார்கள் என்று கணக்குச் சொல்கிறார். எலிசா என்ற ஒரு துணையையும் காட்டுகிறார். பையனை விட்டுவிட்டுத் தனியே வந்தவன், துணையோடு வாழப் போகிறான்.

இப்படிக் கேட்பதையே ஊழியமாக ஆக்கிய ஒருவர் இங்கிலாந்தில் இருந்தார். சாட் வரா என்ற ஆங்கிலிக்கன் குருவானவர். 1935இல், இளம் குருவாக இருந்தபோது, லிங்கன் நகரில் அவர் நடத்திய முதல் அடக்க ஆராதனை 14 வயதுப் பெண்பிள்ளை ஒருத்தியுடையது. பெரிய மனுஷியான அந்தப் பிள்ளை, வந்தது என்ன என்று தெரியாமல், ஏதோ கெட்ட நோய் என்று பயந்து தன் உயிரை மாய்த்துக்கொண்டாள். கேட்பதற்கு அவளுக்கு ஒரு ஆள் இருக்கவில்லை. சாட் வரா இதை மறக்கவே இல்லை. 1953இல் லண்டனில் தமது கோயிலிலேயே ஒரு டெலிபோனை வைத்து, மனம் ஒடிந்தவர்கள் கூப்பிடலாம், வரலாம் என்று அறிவித்தார். வந்தவர்கள் அவரைப் பார்க்கக் காத்திருக்கும் நேரத்தில், உதவிக்கு இருந்த சாதாரண ஆட்கள் தேத்தண்ணி ஊற்றிக்கொடுத்துப் பேச்சுக் கொடுத்தார்கள். பலர் அந்த ஆட்களிடமே மனதைக் கொட்டிவிட்டு, குருவானவரைப் பார்க்காமலே லேசாகித் திரும்பிப் போனார்கள். கேட்பதற்குப் படிப்பைவிடப் பொறுமைதான் தேவை என்று அவர் கண்டுகொண்டது அப்படித்தான். நம் நாட்டிலும் 1974இல் ஜோன் டி மெல் அம்மையார் இதே வழியில் சுமித்ரயோ என்ற சேவையைத் தொடங்கினார். அங்கே எந்த மதத்தவரும் போகலாம்.

அந்த லண்டன் கோயிலில் ஊற்றிய தேத்தண்ணி எந்த மலையில் பறித்த கொழுந்தோ, தெரியாது. ஆனால் ஒரு கோப்பை தேத்தண்ணியும் ஒரு காதும் ஒருவரைக் காப்பாற்றும் என்பதைத் தேயிலைத் தோட்டத்து ஆட்களுக்கு வேறு யாரும் வந்து சொல்லித்தர வேண்டியதில்லை.

இது உயிர் போகிற விஷயம் என்பதால் ஒரு கணக்கையும் சொல்கிறோம். 1995 அளவில் இலங்கையின் தற்கொலை வீதம் உலகிலேயே மிக அதிகமானவற்றில் ஒன்று: ஒரு இலட்சம் பேருக்கு ஏறத்தாழ 47 பேர். அந்தக் காலத்திலிருந்து மிகக் கொடிய விவசாய நஞ்சுகளை அரசாங்கம் ஒவ்வொன்றாகத் தடை செய்தது. பின்வந்த ஆண்டுகளில் வீதம் பாதிக்கும் கீழே இறங்கியது. மக்களின் கஷ்டமெல்லாம் தீர்ந்து போனதால் இது நடக்கவில்லை. சாகவேண்டும் என்ற எண்ணம் பெரும்பாலும் ஓர் அலைபோல் வந்து போகிறது. அந்த நேரத்தில் கைக்கு எட்டும் தூரத்தில் ஆபத்து இல்லையென்றால், பக்கத்தில் ஒரு ஆளும் இருந்தால், அலை தாண்டிப் போய்விடுகிறது. ஏலியாவுக்கும் அதுதான் நடந்தது. ஆகவே புல்லுக்கு அடிக்கிற மருந்தையும் தோட்டத்து மருந்தையும் வீட்டுக்குள் வைக்காமல் வெளியே பூட்டி வையுங்கள். ஒருவர் "இருந்து என்ன பிரயோசனம்" என்று பேசினால், "சாகணும்னு நினைக்கிறீங்களா?" என்று நேரடியாகவே கேளுங்கள். கேட்டால் அந்த எண்ணத்தைத் தூண்டிவிடுவோமோ என்று பயப்பட வேண்டாம், கேட்பதால் அவர் தனிமைதான் குறையும். அவரைத் தனியே விடாதீர்கள். 1926 என்ற தேசிய மனநல உதவி இலக்கத்துக்கு இரவோ பகலோ பேசலாம், தமிழிலும் பேசலாம். பதுளை வைத்தியசாலையில் மனநலப் பிரிவு உண்டு. அங்கே போகிறவர்கள் எல்லாம் பைத்தியம் என்ற பேச்சை விடுவோம். கண்ணுக்கு டொக்டரிடம் போவதுபோலத்தான் இதுவும். மருந்து எடுப்பவர் ஜெபத்தை நிறுத்த வேண்டியதில்லை, ஜெபிப்பவர் மருந்தை நிறுத்தவும் கூடாது.

பாடம் நடத்துகிறவர்களுக்கு

இந்தப் பாடத்தை மாதர் சங்கத்திலோ வீட்டுக் கூட்டத்திலோ நடத்தலாம். கோயிலுக்கு வராத, வேறு சாமி கும்பிடுகிற பக்கத்து லயத்து ஆட்களையும் கூப்பிடுங்கள். ஏலியாவின் கதையை யாராவது ஒருவர் சத்தமாக வாசிக்கட்டும். வாசித்தபின் ஒரு நிமிஷம் சும்மா இருங்கள். யோபுவின் சிநேகிதர்கள் ஏழு நாள் வாய் திறக்காமல் அவனோடு தரையில் உட்கார்ந்திருந்தார்கள். அந்த ஏழு நாளும் அவர்கள் நல்ல சிநேகிதர்கள். வாயைத் திறந்து புத்தி சொல்லத் தொடங்கிய பிறகுதான் எல்லாம் கெட்டது.

பேச விரும்புகிறவர்களிடம் இவற்றைக் கேட்கலாம். சூரைச்செடியின் கீழே நீங்கள் உட்கார்ந்த காலம் எது? அப்போது யார் ரொட்டி கொண்டுவந்தார்கள்? உங்கள் கோபம் எங்கே தொடங்கி யார் மேல் போய் விழுகிறது? நமது லயத்தில் பையனை விட்டுவிட்டுத் தனியே போய்க்கொண்டிருக்கிறவர் யார்? கடைசிக் கேள்விக்குப் பெயர் சொல்ல வேண்டாம், மனதில் வைத்துக்கொண்டால் போதும். இந்த ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் அவர் வீட்டுக்கு இரண்டு பேர் போகலாம். பைபிளைக் கொண்டுபோவதும் விடுவதும் உங்கள் இஷ்டம், சுட்ட ரொட்டி மட்டும் கொண்டுபோங்கள்.

யாரையும் பேசச் சொல்லி வற்புறுத்தக் கூடாது. அழுகிறவரை "அழாதீங்க" என்று நிறுத்தக் கூடாது. அந்தக் காம்பராவில் பேசியது பீலிக்கரையில் பேசும் கதையாக மாறக் கூடாது. இதைத் தொடங்குமுன்பே எல்லாரும் கேட்கும்படி சொல்லிவிடுங்கள். தேத்தண்ணியைக் கூட்டம் முடிந்தபின் கொடுக்காமல் முதலிலேயே கொடுங்கள். மலையிலிருந்து நேரே வருகிறவர்கள் இருப்பார்கள்.